பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவோம்!

மும்பையில் ஒரு குடும்பம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய ரேஷன் கார்டின் நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பகல் நேரத்தில் வாசற்கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். திறந்திருந்தால் அது சால். சாத்தியிருந்தால் அது பிளாட். சாத்திய கதவுக்கு முன்னால் இன்னொரு இரும்புக் கதவும் இருந்துவிட்டால், முன்னேற்றம் பூர்த்தியாகிவிட்டது என்று அர்த்தம்!

இதைக் கேலியாகச் சொன்னாலும் விஷயம் கேலிக்குரியதல்ல. இந்நகரில் வாழும் தமிழர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகிற ஆண்டுகளில் திறந்த கதவிலிருந்து சாத்திய கதவுக்குக் குடிபோக இருக்கின்றன. தாராவியில் 2024-ஆம் ஆண்டு வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒர்லி பி.டி.டி. சாலில் 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்கள் புது வீட்டுச் சாவி வாங்கின. எத்தனை சதுர அடி, எத்தனையாவது மாடி, சாவி எப்போது என்றுதான் எங்கும் பேச்சு. பேச வேண்டியதுதான். ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்று ஒருவரும் கேட்கக் காணோம். அதையும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அழைக்காமல் வருகிறவர்

அண்டை வீட்டார் என்றால், ஆபத்து சமயத்தில் அவர்கள் செய்த உதவியைத்தான் பத்திரிகைகளில் எழுதுகிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில்கள் நின்றன, ரோடுகள் ஆறாயின. எனக்கு அப்போது பதினாறு வயது. எஸ்.எஸ்.சி. முடித்த வருஷம். முன்பின் தெரியாத வீடுகளில் அன்றிரவு எத்தனையோ பேர் தங்கினார்கள். மும்பையின் பெருமைக்குச் சாட்சியாக இன்றைக்கும் அதைச் சொல்கிறோம்.

சொல்லட்டும். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்தப் பெரிய உதவியை அல்ல. ஒரு காரியமும் இல்லாமல் சும்மா வந்து உட்காரும் சினேகிதத்தைப் பற்றி. மாலை ஆறரை மணிக்குக் கொத்தமல்லிக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசற்படியில் வந்து உட்காருகிறாரே ஒரு அம்மாள், அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கொத்தமல்லியைத் தன் வீட்டிலேயே ஆய்ந்திருக்கலாம். இங்கே வந்து ஆய்ந்தால் பேச்சோடு பேச்சாக வேலை முடியும், அவ்வளவுதான். வருவதற்கு முன் போன் செய்து கேட்பதில்லை. போகும்போது சொல்லிக்கொண்டும் போவதில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தால் எழுந்து ஓடிவிடுவார்.

இந்தச் சினேகிதத்துக்குச் செலவு கிடையாது, ஏற்பாடு கிடையாது. விருந்தாளி வருகிறார் என்றால் நாம் வீட்டைப் பெருக்குகிறோம், நல்ல டம்ளரைத் தேடுகிறோம், மிக்ஸர் வாங்கி வரச் சொல்லிப் பையனைக் கடைக்கு விரட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் இவை எதுவும் இல்லை. லுங்கியோடு இருக்கலாம். துணி மடித்துக்கொண்டே பேசலாம். பேசாமலும் இருக்கலாம். நம்மை நாமாகவே பார்த்து, அதற்காக ஒன்றும் நினைத்துக்கொள்ளாத ஒரு மனிதர் பத்தடி தூரத்தில் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது, இருக்கும்போது தெரிவதில்லை.

2005-இல் கதவைத் திறந்துவிட்ட வீடுகள் அன்றைக்குத் திடீரென்று புண்ணியவான்களாகிவிடவில்லை. அந்த வாசல்களில் பலவும் தினமும் திறந்து பழகிய வாசல்கள். எந்நேரமும் சாத்தியே பழகிய கை, வெள்ளம் வந்த இரவில் மட்டும் தாழ்ப்பாளைத் தேடிப் போகுமா?

காலரி செய்த வேலை

நான் வளர்ந்தது தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப்பில், வரிசையாகப் பத்து அறைகள் கொண்ட ஒரு சாலில். மராத்தியில் அறைக்குக் கோலி என்று பெயர். கோலிகளுக்கு முன்னால் ஒரு நீண்ட காலரி. அந்தக் காலரிதான் எங்களுக்குப் படிக்கும் இடம், கேரம் ஆடும் இடம், அப்பளம் காயவைக்கும் இடம், கோடையில் படுக்கை அறை. யாருடைய வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களுடைய வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்தால் ஒரு வார்த்தை பேசத்தான் வேண்டும். நாம் “சாப்பிட்டாச்சா?” என்போம். மராத்திக்காரர் “ஜேவ்லாஸ் கா?” என்பார். இரண்டும் ஒரே கேள்விதான். பதிலையும் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.

தொலைபேசி அபூர்வமாக இருந்த காலத்தில் நம்மவர் கல்யாணப் பத்திரிகைகளிலும் விலாச அட்டைகளிலும் நம்பருக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். அது பக்கத்து வீட்டு நம்பர் என்று அர்த்தம். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தாலும் வேலை கிடைத்த செய்தி வந்தாலும் முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவர் காலரியில் நின்று கூப்பிடுகிற குரலிலேயே செய்தி நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும் என்று என் தாயார் சொல்வார்.

சால்களில் இருந்தவர்கள் பிறவியிலேயே நல்ல மனம் படைத்தவர்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. தண்ணீர்க் குழாயில் யாருடைய வாளி முன்னால் என்பதில் நடந்த சண்டைகளை நேரில் கண்டவன் நான். மாடியில் காயப்போட்ட புடவையிலிருந்து சொட்டிய தண்ணீருக்காக ஆறு மாதம் பேசாமலிருந்த இரண்டு வீடுகளையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு மாதமும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கேரம் போர்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் ஒரு பிரசவம் வந்தது, பேச்சும் வந்துவிட்டது. தினம் நாலு தடவை எதிரே வருகிறவரிடம் எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டு இருக்க முடியும்?

நட்பு வளர்ந்ததற்குக் காரணம் மனிதர்கள் மட்டும் அல்ல, கட்டடத்தின் அமைப்பும்தான். 1920-இல் அமைக்கப்பட்ட பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் ஒர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் கட்டிய பி.டி.டி. சால்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நடை. இரு பக்கமும் அறைகள். மாடிக்கு 20 அறை. ஒரு கட்டடத்துக்கு 80 அறை. ஓர் அறை 160 சதுர அடி. எட்டுப் பேர் உள்ள குடும்பம் 160 சதுர அடிக்குள் அடங்குமா? பாதிக் குடும்பம் நடைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். இட நெருக்கடியால் தொடங்கியதுதான். நாளாக ஆக அதுவே சொந்தமாகிவிட்டது.

பெரிய மனிதர்களும் இந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள்தான். டாக்டர் அம்பேத்கர் பரேலில் பி.ஐ.டி. சாலில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குடியிருந்தார். கிர்காவில் உள்ள கேசவ்ஜி நாயக் சாலில் 1893-ஆம் ஆண்டு தொடங்கிய பொது கணேச விழா இன்றும் நடக்கிறது. மராத்தியர்கள் சாலை வெறும் கட்டடமாக நினைக்காமல் இலக்கியமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பு.ல. தேஷ்பாண்டேயின் ‘படாட்யாச்சி சால்’ 1958-இல் வெளிவந்தது. அதே சால்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாம் அதைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்னையிலும் இது புதிதல்ல. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ‘ஸ்டோர்’ வீடுகளில் ஒரே கிணறு, ஒரே முற்றம் என்று வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் அங்கே எல்லாரும் ஒரே பாஷை பேசுகிறவர்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிச் சமையல். மும்பைச் சாலின் விசேஷம் அதுவல்ல.

காலிக் கிண்ணம் திரும்பாது

எங்கள் வரிசையில் ரத்தினகிரியிலிருந்து வந்த ஒரு மராத்தி அம்மாள் இருந்தார். நாங்கள் அவரை மாவ்ஷி என்று கூப்பிடுவோம். சின்னம்மா என்று பொருள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் ஐந்து. ஓர் உத்தரப்பிரதேசத்துத் தையற்காரர். ஓர் ஆந்திரக் குடும்பம். ஓர் இஸ்லாமியக் குடும்பம். சங்கராந்தி வந்தால் மாவ்ஷி எள்ளுருண்டை கொடுத்து, இதைத் தின்று இனிமையாகப் பேசுங்கள் என்பார். அது அவர்கள் வழக்கம். பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பார். எங்கள் வீட்டில் பொங்கல். வெண்கலப் பானையைக் காலரியிலேயே வைத்து, பொங்கும்போது எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவோம். பொங்கலோ பொங்கல் என்று தையற்காரர் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டால் திருநெல்வேலிக்காரன் தோற்றான்!

கிண்ணம் போகும், கிண்ணம் வரும். காலிக் கிண்ணத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளிலும் உண்டு, மராத்தி வீடுகளிலும் உண்டு. கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். ஆகவே ஒரு கிண்ணம் கிளம்பிவிட்டால் அதற்கு ஓய்வே கிடையாது. எங்கள் வீட்டில் இன்றும் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அடியில் யாருடைய பெயரோ மராத்தியில் வெட்டியிருக்கும். எந்த வீட்டுடையது என்று இப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மராத்தியில் ‘சேஜார் தர்மம்’ என்று ஒரு சொல் உண்டு. அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று சொல்லலாம். தர்மம் என்ற பெரிய சொல்லை இவ்வளவு சின்னக் காரியங்களுக்கு வைத்தார்களே என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஊருக்குப் போகும்போது சாவியை வாங்கி வைத்துக்கொள்வது, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பால்காரனுக்குப் பதில் சொல்வது: தர்மம் என்பது இவ்வளவுதான்.

இந்த நட்புக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. 1966-இல் சிவசேனை தோன்றிய பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்நகரில் எழுந்த கோஷங்களும், உடுப்பி ஓட்டல்கள் மீது விழுந்த கற்களும் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. அந்த நாட்களில் எங்கள் தாத்தாவிடம் பக்கத்து வீட்டு மராத்திக்காரர், “நீங்கள் உள்ளே இருங்கள். கடைக்குப் போக வேண்டுமானால் என்னிடம் சொல்லுங்கள்” என்றாராம். ‘மதராஸி’களை அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். தாத்தாவை அவருக்குத் தெரியும். கூட்டம் என்றால் மொத்தமாகத்தான் வெறுக்க முடியும். தினமும் தன் பிள்ளைக்குத் தோசை கொடுக்கிற வீட்டை அப்படி வெறுப்பது கஷ்டம்.

1992-93 கலவரங்களுக்குப் பிறகு ஜூலியோ ரிபேரோ, சதீஷ் சாஹ்னி போன்ற போலீஸ் உயர் அதிகாரிகளாக இருந்தவர்களே முன்னின்று மொஹல்லா கமிட்டிகளை ஊக்குவித்ததும் இதே காரணத்தால்தான். பேட்டையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தால், வதந்தி அவ்வளவு சுலபமாகப் பற்றாது. அதற்குக் கமிட்டி போட வேண்டிய நிலை வந்ததே என்பதுதான் வருத்தம்.

என் மனைவியின் ஆட்சேபம்

இவ்வளவையும் எழுதி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி வந்து சாலில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, பிறகு கல்யாண் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். “உங்களுக்கென்ன, எழுதுவீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸுக்குப் போனது நான்தானே?” என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சொந்தக் கழிப்பறை இல்லாத வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிறவன், அதில் வாழாதவனாக இருக்க வேண்டும் அல்லது ஆணாக இருக்க வேண்டும். காலரி என்பது இளம்பெண்களுக்கு இன்னொரு விதத்திலும் கஷ்டம்தான். காலேஜிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தால் பத்து வாசல்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரோடு வந்தாள், எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்பது அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கடைசி அறைக்குப் போய்விடும். படிக்க அமைதி இல்லை. புருஷன் பெண்டாட்டி மனம்விட்டுப் பேச இடம் இல்லை. 160 சதுர அடியில் தலைமுறைகளை ஓட்டியவர்கள் 500 சதுர அடிக்கு ஆசைப்பட்டால் அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே சாலை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டடம் போகட்டும். ஆனால் கக்கூஸ் வரிசையோடு சேர்த்து மாவ்ஷியையும் இடித்துத் தள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் மனைவியும் அந்த நான்கு வருஷத்தில் தனக்கு மிஞ்சியது மாவ்ஷி ஒருத்திதான் என்று ஒப்புக்கொள்கிறாள். இப்போதும் மாதம் ஒரு தடவையாவது போனில் பேசிக்கொள்கிறார்கள். இவள் மராத்தி பேசக் கற்றது அவரிடம்தான். கொச்சையான மராத்திதான், மீன் வாங்க அது போதும்.

நாற்பது வீடும் ஒரு வாட்ஸ்அப்பும்

புதுக் கட்டடங்களில் என்ன நடக்கிறது? ஸ்ட்ரிங்கராக அலைந்ததில் குடிசை மாற்று வீடுகள் பலவற்றுக்குள் போய் வந்திருக்கிறேன். 1995-இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் ஏற்பட்டபோது குடும்பத்துக்கு 225 சதுர அடி. பிறகு அது 269 ஆயிற்று. இப்போது 300. நல்ல காரியம்தான். ஆனால் மாடி ஏறிப் பார்த்தால் இருட்டு நடை. இரு பக்கமும் சாத்திய கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு டி.வி. எல்லா வீட்டிலும் ஒரே சீரியல்! முன்பெல்லாம் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். இப்போது தனித்தனியே அழுகிறார்கள்.

நடுத்தர வகுப்பாரின் சொசைட்டிகளில் வேறு விதம். அங்கே வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மேல் வீட்டில் தண்ணீர் கசிந்தால் பத்துப் படி ஏறிப்போய்ச் சொல்வதில்லை. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, எல்லாரும் பார்க்கும்படி மானத்தை வாங்குகிறார்கள். மேல் வீட்டுக்காரர் பதிலுக்கு விதி எண் போட்டு எழுதுகிறார். நேரில் போய் நின்றிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும். காலையில் குட் மார்னிங் படம் அனுப்புகிற அதே மனிதர் லிப்டில் நம்மைக் கண்டால் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாசலில் காவலாளி. அவர் கையில் ஒரு செயலி. நண்பர் வீட்டுக்குப் போனால், அவர் செல்போனில் அனுமதி அழுத்தினால்தான் உள்ளே விடுகிறார்கள். திருடனைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு. திருடன் எப்படியோ வந்துவிடுகிறான். சும்மா வருகிறவர்தான் வருவதை நிறுத்திவிட்டார்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அண்டை வீட்டாரைச் சலித்தெடுக்கும் பழக்கம். என்ன சாப்பிடுவீர்கள், எந்த மதம், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்கிறவர்கள் இந்நகரில் ஏராளம். 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களைத் தன் சமூகத்தாராகவே வைத்துக்கொள்ளும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் அண்டை வீட்டுக்காரர் என்பவர் நாம் தேர்ந்தெடுக்காமல் வந்து வாய்ப்பவர். அதில்தான் அவருடைய மகிமை இருக்கிறது. நம்மைப் போன்றவரையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவர் அண்டை வீட்டார் இல்லை, கண்ணாடி.

நாமும் இதில் சளைத்தவர்களல்லர். சொசைட்டியில் எதிர் வீட்டு மராத்திக்காரரின் பெயர் தெரியாது; பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். சங்கம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து வரப்போகிறவர் செயற்குழு உறுப்பினரா, எதிர் வீட்டுக்காரரா?

என் இலாகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதனுக்குச் சினேகித ஆசை போய்விடவில்லை என்பதற்கு லோக்கல் ரயிலே சாட்சி. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பத்து வருஷமாகப் பார்க்கிறேன். தினமும் அதே வண்டி, அதே பெட்டி, அதே கதவு என்று ஒரு குழு சேர்ந்துவிடுகிறது. ஒருவர் பஜனைக்குத் தாளம் கொண்டுவருகிறார். இன்னொருவர் டப்பாவில் பட்டாணி. தசராவுக்குச் செவ்வந்தி மாலை கட்டிப் பெட்டியை அலங்கரிக்கிறார்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்கிறார்கள். 2020 மார்ச்சில் லோக்கல்கள் நின்று, ஜூன் 15 முதல் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் ஓடியபோது, பெட்டியின் ஒரு மூலையில் தன் குழுவின் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரைப் பார்த்தேன். ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இவ்வளவு சாத்தியமானால், வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகிற மாடியில் ஏன் முடியாது? ரயிலில் அந்த நாலாவது சீட்டின் நெருக்கம் இருக்கிறது. மாடியில் உட்காரவே இடம் இல்லை. வித்தியாசம் அதுதான்.

குலுக்கலில் பிரியும் கோலிகள்

இனி விஷயத்துக்கு வருவோம். தாராவிக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மாடி அறைகளில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு. அதற்குப் பணமும் கட்ட வேண்டும். தாராவியைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கீழ் வீடும் மேல் வீடும் ஓர் இரும்பு ஏணியால்தான் பிரிந்திருக்கின்றன. கீழே இருப்பவர் இங்கேயே இருப்பார். ஏணியில் ஏறிப் போகிறவர் வேறு பேட்டைக்குப் போவார். கீழ் வீட்டுப் பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் மேல் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குப் புதுப் பேட்டையில் மாதம் எவ்வளவு கேட்பார்கள்? கணக்கெடுப்பு நமூனாவில் இதற்குக் கட்டம் இல்லை.

தகுதி ஆண்டை மாற்றுவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அதற்காகப் போராடுகிறவர்கள் போராடட்டும். நான் சொல்வது அதைவிடச் சிறிய, செய்யக்கூடிய காரியம். தகுதி பெற்றவர்களுக்கும் வீடு ஒதுக்குவது பெரும்பாலும் குலுக்கலில்தான் நடக்கிறது. ஊழலுக்கு இடமில்லை என்பது அதன் நன்மை. ஆனால் முப்பது வருஷம் அடுத்தடுத்த வாசலில் இருந்த இருவரில் ஒருவர் மூன்றாம் மாடிக்கும், இன்னொருவர் வேறு கட்டடத்தின் பதினெட்டாம் மாடிக்கும் போகிறார்கள். குலுக்கலைத் தனித்தனிக் குடும்பத்துக்கு நடத்தாமல் ஒரு வரிசைக்கு நடத்தினால் என்ன? பத்துக் குடும்பம் ஒரு சீட்டு. எந்த மாடி என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். யார் யார் சேர்ந்து என்பதைக் குடியிருப்பவர்கள் தீர்மானிக்கட்டும். இதில் சர்க்காருக்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. பிரிந்து போக விரும்புகிறவர்கள் பிரிந்து போகவும் வசதி வைக்கலாம். வாளிச் சண்டைக்காரர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை!

இரண்டாவது, ஒவ்வொரு மாடியிலும் நடையில் வெளிச்சமும் காற்றும் வருகிற ஓர் ஓரத்தில் நாலு பேர் உட்கார ஒரு திண்ணை. திண்ணையைப் பற்றித் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீயணைப்பு விதிக்கு உட்பட்டு வழியை அடைக்காமல் அதைக் கட்ட முடியும். கட்டிய பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள். வரைபடம் நிலையிலேயே கேட்க வேண்டும்.

ஏற்கனவே பிளாட்டுகளுக்குப் போய்விட்டவர்கள் சர்க்காரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் உள்கதவைத் திறந்து வையுங்கள். இரும்புக் கதவு சாத்தியே இருக்கட்டும், பயம் வேண்டாம். எங்கள் குவார்ட்டர்ஸில் நாங்கள் இதைச் செய்கிறோம். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் எதிர் வீட்டுப் பீகார்க்காரரின் சின்னப் பெண் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, என் பையனின் பம்பரத்தைக் கேட்டது. அதன் தாய் அதை அழைத்துப் போக வந்தாள். நின்றபடியே அரை மணி நேரம் பேசினாள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் தேகுவா வந்தது. சாத் பூஜைக்குக் கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துச் சுடுகிற பலகாரம். நல்ல கெட்டி. பல் உள்ளவர்கள் சாப்பிடலாம். கிண்ணத்தில் என்ன போட்டுத் திருப்புவது என்று வீட்டில் இப்போது யோசனை நடந்துகொண்டிருக்கிறது.

தாராவியிலும், இன்னும் இடிபடாத சால்களிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். வரிசை வரிசையாக ஒதுக்கீடு வேண்டும், மாடிக்கு ஒரு திண்ணை வேண்டும் என்று ஒரு மனு எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதாதீர்கள். மராத்தியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவரும் கையெழுத்துப் போடுவார். அவருக்கும் அந்த ஒதுக்கீடு வேண்டியதுதானே!